சுவரை இடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள்

மிஷனரி சங்கத்தின் செயற்குழு ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், ஆலயக் கட்டட நிதிக்குக் காணிக்கை கொடுத்திருக்கிற சபையாருக்கும்,

போன மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து ஜார்க்கண்டின் இராஜ்மகால் மலைப் பணித்தளத்துக்கு ஒரு சுற்றறிக்கை போயிருக்கிறது. நான் ஓய்வு பெற்று ஊர் வந்து இரண்டு வருடமாகிறது. என்றாலும் அதைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அங்கே இப்போது ஊழியம் செய்கிற, எனக்கு அதை அனுப்பித் தந்த தம்பிமேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். வற்புறுத்திக் கேட்டவள் நான். "அக்கா, இதை நான் அவங்ககிட்ட எப்படி வாசிச்சுக் காட்டுவேன்?" என்று அவன் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை இப்போது உங்கள் முன்னால் வைக்கிறேன்.

இனிமேல் பணித்தளங்களில் கட்டும் ஆலயங்கள் எல்லாம் ஒரே வரைபடத்தின்படி இருக்க வேண்டும் என்கிறது சுற்றறிக்கை. நீளம் 40 அடி, அகலம் 20 அடி, கான்கிரீட் கூரை. கிழக்கே பீடம், மேற்கே வாசல், வாசலுக்கு மேல் கோபுரம். காண்டிராக்டரை நீங்களே அனுப்புவீர்கள். முழுச் செலவையும் ஒரே குடும்பமோ ஒரே சபையோ ஏற்கும், அவர்கள் பெயர் கல்லில் பொறிக்கப்படும். நிலத்தைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். கடைசியாக ஒரு வரி: உள்ளூரில் அரைகுறையாக நிற்கும் கட்டுமானங்களை அகற்றி, இடத்தைச் சமன்செய்து ஒப்படைக்க வேண்டும்.

அந்த அரைகுறைக் கட்டுமானம் எது என்று எனக்குத் தெரியும். அதில் என் கை பட்ட கல்லும் உண்டு. செயற்குழுவில் ஒருவர்கூட அந்த மலை ஏறியதில்லை என்பதால் அது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

27 வீடுள்ள மலையுச்சி ஊர். பெயரை எழுதவில்லை, காரணம் உங்களுக்குத் தெரியும். அதில் 16 வீட்டார் சபையைச் சேர்ந்தவர்கள். ஹவுராவிலிருந்து சாகிப்கஞ்ச் போகும் ரயிலில் இறங்கி, ஜீப் போகிற தூரம் போய், அங்கிருந்து இரண்டரை மணி நேரம் ஏற வேண்டும். சௌரியா பஹாடியா மக்கள். மக்காச்சோளமும் தட்டப்பயறும் விதைப்பார்கள். சபாய் புல் அறுத்து விற்பார்கள். அதுவும் போதாமல் ஆண்கள் அடிவாரத்துக் கிரஷர்களில் கல் உடைக்கப் போவார்கள். அந்தப் பக்கத்துக் கருங்கல் ஜல்லி ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் எங்கெங்கோ போகிறது. சாயங்காலம் மலை ஏறி வரும்போது அவர்கள் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். இருமிக்கொண்டே வருவார்கள்.

அந்த ஆண்கள் தங்களுக்கென்று உடைத்த முதல் கல், சபையார் தாங்களே எழுப்புகிற கோயிலின் அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

அது தொடங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் சபை மூப்பர்கள் நாலு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இன்னொரு மலையில் சங்கம் கோயில் கட்டிக் கொடுத்திருக்கிறதே, எங்களுக்கும் ஒன்று எழுதிக் கேளுங்கள் என்றார்கள். என் வீட்டுக்காரர், "நீங்க என்ன போடுவீங்க?" என்று கேட்டார். அவர்கள் பேசவில்லை. கொடுத்த டீயைக்கூட முழுதாகக் குடிக்காமல் போய்விட்டார்கள். நான் அவரிடம் சண்டை போட்டேன். கஞ்சிக்கு இல்லாதவர்களிடம் இப்படியா கேட்பது என்று. ஒரு மாதம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு விடியற்காலம் வாசலில் தொம் தொம்மென்று சத்தம். எழுந்து பார்த்தால் கறுத்த கல்லாகக் குவிந்து கிடக்கிறது. மூத்தவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். "இது எங்களுடையது. இப்போது நீங்கள் என்ன போடுவீர்கள்?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் கொத்தனார் மகன். அவர் போட்டது இவ்வளவுதான்: ஒரு தூக்குக்குண்டு, ஒரு மட்டப்பலகை, ஒரு மூலைமட்டம், இரண்டு கடப்பாரை, பிறகு தன் முதுகு. நூல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நாலு கல்லுக்கு ஒரு கல் சுவரின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி நீளக் கல்லாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழையில் வயிறு தள்ளிவிடும் என்று சொல்லிக் கொடுத்தார். சாந்துக்கு அவர்கள் வீட்டுச் சுவருக்குப் பூசுகிற மண்தான். நறுக்கிய வைக்கோலும் சாணியும் சேர்த்து, காலால் மிதித்து, இரண்டு நாள் புளிக்கவிட்ட மண். அதற்கான தண்ணீர் கீழே ஊற்றிலிருந்து வர வேண்டும், ஏறிவர அரை மணி நேரம். பெண்கள் தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். குடிக்க ஒரு நடை, சுவருக்கு ஒரு நடை.

வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று மூன்று சாயங்காலம் பேச்சு நடந்தது. கிழக்கே பீடம், மேற்கே வாசல் என்றுதான் நாங்களும் சொன்னோம், நம் ஊர் வழக்கம் அது. அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே கால்பைசாகி என்று ஒரு புயற்காற்று அடிக்கும். பகல் முழுவதும் வெந்து, சாயங்காலம் வடமேற்கே கறுத்து, கால் மணி நேரத்தில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். மலையுச்சியில் மேற்கே வாசல் வைத்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கிவிடும் என்றார்கள். தெற்கே வாசல், வடமேற்கு மூலையில் கனத்த சுவர் என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். எங்களுக்குத் தெரியாத ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். உங்கள் வரைபடத்தில் வாசல் மேற்கே இருக்கிறது.

இப்போது சுவர் நாலு பக்கமும் நாலடி நிற்கிறது. வடமேற்கு மூலை மட்டும் ஐந்தரை. ஒவ்வொரு மழைக்கும் முன்னால் சுவரின் தலையில் புல்லை வேய்ந்து, மேலே கல் வைத்து மூடுகிறார்கள். மழை முடிந்ததும் பிரிக்கிறார்கள். அறுவடை இருந்தால் வேலை நிற்கும், காய்ச்சல் வந்தால் நிற்கும், சாவு விழுந்தால் நிற்கும். மூன்று வருடமாக அப்படித்தான் எழும்புகிறது. அதைத்தான் அரைகுறை என்று எழுதியிருக்கிறீர்கள்.

பணக் கணக்கையும் சொல்கிறேன். எங்கள் ஆச்சி வீட்டில், அடுப்பங்கரையில் ஒரு பனையோலைப் பெட்டி இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி அதில் விழும். சனிக்கிழமை சபை ஊழியரின் வீட்டம்மா வந்து வாங்கிப் போவார்கள். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த உங்களில் பலருக்கும் அந்தப் பெட்டி தெரியும். அதை ஒரு நாள் அங்கே பெண்களிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். செய்யுங்கள் என்று சொல்லவில்லை. மறுவாரம் ஆராதனைக்கு ஒருத்தி முந்தானையில் மக்காச்சோளம் முடிந்து கொண்டுவந்தாள். அடுத்த வாரம் ஏழு பேர். எண்ணெய் டின் ஒன்றில் சேர்த்து, சந்தைக்குக் கொண்டுபோய் விற்று, பணத்தை என்னிடம் தர வந்தார்கள். நான் வாங்க மறுத்தேன். அவர்களில் ஒருத்திதான் பொருளாளர். அவளுக்கு எழுதத் தெரியாது. நூலில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்திருக்கிறாள். நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று 11,460 ரூபாய் இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதி வைத்ததும் அவள் முடிச்சும் ஒரு ரூபாய் பிசகவில்லை. அந்தப் பணத்தில் வாசல் கதவுக்குக் கீலும் தாழ்ப்பாளும் வாங்கி வைத்திருக்கிறார்கள். கதவு இன்னும் வரவில்லை. கீல் துணியில் சுற்றி அவள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். சபைக்கு வராத 11 வீட்டாரும் இந்த வேலைக்கு வந்தார்கள். நிலத்தைக் காட்டிக் கொடுத்த ஊர்ப் பிரதான் சபைக்காரர் இல்லை. கூரைக்கு மூங்கில் தருகிறேன் என்று அவரே வந்து சொன்னார். ஒருவர் வீட்டுக்கு ஊரே சுவர் வைப்பது அவர்கள் வழக்கம். அந்த வழக்கத்துக்குள் இந்த வீடும் வந்துவிட்டது. வெளியூர்க் காண்டிராக்டர் ஆள் கூட்டிக்கொண்டு மலை ஏறினால் அந்த மூங்கில் வராது.

இனி, நீங்கள் கட்டிக் கொடுத்த கோயிலைப் பற்றி. மூப்பர்கள் எங்களிடம் சொன்ன அந்த இன்னொரு மலைக் கோயிலுக்குப் பிரதிஷ்டை நடந்தபோது நான் இருந்தேன். ஐந்து மாதத்தில் முடிந்த கட்டடம். பிள்ளைகளைக் காகிதக் கொடியோடு காலை 8 மணிக்கு வெயிலில் நிறுத்தினார்கள். விருந்தினர் வந்து சேர்ந்தது 11 மணிக்கு. ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். நம் மாதப் பத்திரிகையில் ‘முன்பு’, ‘இப்போது’ என்று இரண்டு படம் வந்தது. நாலு வருடம் கழித்து அந்த வழியாகப் போனேன். மேற்குப் பக்கத்து ஜன்னல் கதவு ஒன்று காற்றில் பிய்ந்து போயிருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே வந்து பீடத்தடியில் பாசி பிடித்திருந்தது. சபையில் 30 பேர் இருக்கிறார்கள், அத்தனை பேரும் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டத் தெரிந்தவர்கள். "ஒரு பலகை வைத்து அடைத்திருக்கலாமே?" என்று மூப்பரிடம் கேட்டேன். அவர் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை, சாதாரணமாகவே சொன்னார்: "அது உங்கள் சங்கத்து வீடு. ஆபீசுக்கு எழுதுங்கள், வந்து சரிசெய்வார்கள்."

அந்தக் கோயில் வாசலில் கறுப்புக் கிரானைட் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆறு வரி. தமிழில் இருக்கிறது. அந்த மலையில் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் எங்கள் இருவரைத் தவிர எவரும் இல்லை. ஒரு சிறுவன் என்னிடம் வந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது, வேத வசனமா என்று கேட்டான். ஒரு குடும்பத்தின் பெயரும், அவர்கள் ஊரும், தகப்பனார் நினைவாக என்பதும்தான் இருந்தது. அவனுக்கு அதை வாசித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதில் என் பங்கும் உண்டு, மறைக்கவில்லை. போன புதிதில் பத்திரிகைக்கு நான் எழுதிய கடிதங்களில் "இவர்களுக்கு ஆலயம் இல்லை, ஒழுகுகிற குடிசையில் ஆராதிக்கிறார்கள், ஜெபியுங்கள்" என்று திரும்பத் திரும்ப எழுதினேன். ஜெபியுங்கள் என்றால் அனுப்புங்கள் என்று அர்த்தம், வாசித்தவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கடிதங்களைப் படித்து இளகிக் கொடுத்தவர்களின் பணம்தான் அந்தக் கல்வெட்டானது. கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். இல்லாமையை மட்டும் எழுதி, அந்த மக்களிடம் இருந்ததை எழுதாமல் விட்டவள் நான். இந்த மடல் அதற்கும் சேர்த்துத்தான்.

நம் சபைகள் எப்படி எழும்பின என்று நமக்கே மறந்துபோயிற்றா என்று யோசிக்கிறேன். 1780-ல் பாளையங்கோட்டைச் சபை அட்டவணையில் மொத்தம் 40 பேர். அந்த 40 பேரை வைத்துக்கொண்டுதான், பிராமண விதவையாக இருந்து ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா அம்மாள் கோயில் கட்ட எழும்பினார். வெள்ளைக்காரப் பாதிரியார் வந்து கட்டித் தரட்டும் என்று காத்திருக்கவில்லை. தானே முன்னின்று கட்டினார். 1785-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை செய்தார். இன்றைக்கும் ஜனங்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். 1830-ல் இரேனியுஸ் ஐயர் காலத்தில் தர்ம சங்கம் தொடங்கி நிலம் வாங்கிக் குடியிருப்புகள் அமைத்தபோது, ஜனங்களும் தங்கள் காசை அதில் போட்டார்கள். இடையன்குடிக் கோயில் 1880-ல் பிரதிஷ்டையானது. கட்டி முடிய 33 வருடம் பிடித்தது. அந்த 33 வருடத்தில் யாராவது லண்டனிலிருந்து, அரைகுறையாக நிற்பதை இடித்துச் சமன்செய்து ஒப்படையுங்கள் என்று கால்டுவெல் ஐயருக்கு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என் சொந்த ஊர்க் கோயில் அவ்வளவு பெரியதில்லை, சரித்திரத்தில் இடமும் இல்லை. எங்க தாத்தா சொல்லுவார்: முதலில் ஓலைச் சாய்ப்பு, பிறகு மண்சுவர், அதற்குப் பிறகுதான் சுண்ணாம்பு. பனையேறிகள் வாரத்தில் ஒரு நாள் பதநீரைக் கோயிலுக்கென்று விட்டார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கருப்பட்டித் தண்ணீர் விட்டுப் பெண்கள் பாட்டுப் பாடி இடித்தார்கள். உத்திரம் வயிரம் பாய்ந்த பனை. ஐயர் என்ன செய்தார் தாத்தா என்று கேட்டால், "கதவுக்கு மரம் வாங்கித் தந்தார், கணக்கு எழுதினார், கூட நின்னார்" என்பார். அந்த ஐயரின் பெயர்கூடத் தாத்தாவுக்குச் சரியாக ஞாபகமில்லை. எந்தத் தூண் யார் வீட்டுப் பனை என்பது மட்டும் கடைசி வரைக்கும் தெரிந்திருந்தது.

இந்த மண்ணிலிருந்து போன மிஷனரிகளும் அதைத்தான் கொண்டுபோனார்கள். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, அடுத்த வருடமே நிஜாம் சீமையில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். நம் சங்கம் அதற்கு வெகு காலம் பிந்தியது. ஆனாலும் அந்தச் சரித்திரத்தைத்தான் நாமும் சொல்லி வளர்ந்தோம். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அங்கே போய், 1912-ல் பேராயரானார். அவர் கட்டிய தோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6-ல் பிரதிஷ்டையானது. பணம் சேரச் சேர, பல வருடம் எழும்பியது. இந்துக் கோயில் தூண்களும் மசூதியின் குவிமாடமும் கலந்த கட்டடம் அது. அந்த ஊர் ஜனங்கள் உள்ளே நுழையும்போது வெளிநாட்டு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். நம் வரைபடமோ, திருநெல்வேலியிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், நம் ஊர்ச் சேகரக் கோயிலின் கோபுரத்தைப் பாதி அளவில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறது.

பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு, சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி வென் பற்றி வகுப்பெடுத்தவர்கள் நீங்கள்தான். சபை தன்னைத்தானே தாங்க வேண்டும், ஆள வேண்டும், பரப்ப வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். சீனாவில் ஊழியம் செய்த நீவியஸ் 1890-ல் கொரியாவுக்குப் போய் அங்கிருந்த இளம் மிஷனரிகளிடம், கோயிலை ஜனங்களே தங்கள் சக்திக்குத் தக்கபடி, தங்கள் ஊர்ப் பாணியில் கட்டட்டும் என்று சொன்னதையும் நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் அந்த வகுப்பை எடுத்தவர். ஐயா, அந்த வகுப்பை நம்பித்தான் நாங்கள் மலை ஏறினோம்.

நிலம் பற்றிய நிபந்தனை நடக்கவே நடக்காதது. அந்த மலைகள் இருக்கிற சந்தால் பர்கானாவில் 1949-ம் வருடக் குத்தகைச் சட்டம் இருக்கிறது. ஆதிவாசிகளின் நிலத்தை வெளியாள் பெயருக்கு மாற்ற முடியாதபடி காக்கிற சட்டம் அது. அதைச் சுற்றி எதையாவது எழுதி வாங்கப் பார்த்தால், கிரஷர் முதலாளிகளும் வட்டிக்காரர்களும் அவர்களுக்குச் செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். காகிதம் நீட்டி விரல் ரேகை கேட்கிற வெளியூர்க்காரனைப் பார்த்தால் அந்த மக்களுக்கு உடம்பு எப்படிக் கூசும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஆபத்து. ஜார்க்கண்டில் 2017-ல் மதச் சுதந்திரச் சட்டம் வந்திருக்கிறது. ஆசைகாட்டி மதம் மாற்றினால் சிறை. சோளம் விற்றுத் தங்கள் கையால் கட்டிய கல் வீட்டில் 16 வீட்டார் கூடிப் பாடினால், ஆசைகாட்டியது யார் என்று எவனும் கேட்க முடியாது. தமிழ்நாட்டுப் பணத்தில் கோபுரம் எழும்பி, வாசலில் தமிழ்க் கல்வெட்டு பதித்தால், அந்தக் கேள்விக்கு நாமே பதிலை எழுதிக் கொடுத்த மாதிரி. விருந்தினர் படம் எடுத்துக்கொண்டு மறுநாள் ரயில் ஏறிவிடுவார்கள். போலீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த மூப்பர்.

உங்கள் பக்கத்து நியாயமும் என் காதில் விழுந்திருக்கிறது. மூன்று வருடமாகியும் நாலடிதானே, அதற்குள் சபை சிதறிவிடாதா என்று ஒருவர் கேட்டாராம். சிதறவில்லை. சுவர் தொடங்கியபோது 12 வீடு, இப்போது 16. ஏழைகளை இப்படி வாட்டுவது அன்பா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நானும் என் வீட்டுக்காரரிடம் அதே வார்த்தையைச் சொல்லித்தான் சண்டை போட்டேன். யாத்திராகமத்தைத் திருப்பிப் பாருங்கள். பார்வோனுக்குச் செங்கல் அறுத்த ஜனங்கள், விடுதலையாகி வந்து, வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரத்துக்குக் கொடுக்கிறார்கள். ஸ்திரீகள் தங்கள் கையால் நூற்ற நூலைக் கொண்டுவருகிறார்கள். போதும், இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே தடுக்க வேண்டியதாகிறது. நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்களிடம் என்ன இருக்கிறது, நாம் செய்து கொடுப்போம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அந்த மலையில் கிரஷருக்குக் கல் உடைக்கிறவர்கள் கர்த்தருக்குக் கல் உடைக்கும்போது மட்டும் நமக்கு ஏன் மனம் தாங்கவில்லை?

அவர்கள் பேசுவது மால்தோ. நம் மொழிக் குடும்பம்தான்; கால்டுவெல் ஐயரே அந்த இராஜ்மகால் மொழியைத் திராவிட இனத்தில் சேர்த்து எழுதியிருக்கிறார். நான் என்பதற்கு ‘ஏன்’ என்பார்கள், நீ என்பதற்கு ‘நீன்’. போன முதல் மாதம் அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தனை தூரத்தில் ஆச்சி வீட்டுச் சத்தம் கேட்ட மாதிரி. நம்மைப் போலவே அவர்களுக்கும் இரண்டு ‘நாங்கள்’ உண்டு. கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’. கேட்கிறவரை விட்டுவிட்டுச் சொன்னால் ‘ஏம்’. ஜெபம் பண்ணும்போது, சாப்பிடும்போது, காய்ச்சலில் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கும்போது எங்களையும் சேர்த்து ‘நாம்’ என்பார்கள். சுவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது ‘ஏம்’ ஆகிவிடும். நாங்கள் கட்டுகிறோம், எங்கள் சுவர், நீங்கள் இதில் இல்லை. முதலில் எனக்கு அது சுருக்கென்றது. மண் மிதித்த கால் எனக்கும் வலிக்கத்தானே செய்கிறது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "பதிமூணு வருசம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தோம்" என்றார். அவர் மறைந்த பிறகும் அந்தச் சுவர் அரையடி எழும்பியது. எங்களில் யாருமே இல்லாமல் எழும்பிய அரையடி அது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

அந்தச் சுவரில் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு அனுப்புங்கள். வாய்ச்சொல் போதாது, அந்தத் தம்பி கையில் கடிதம் இருக்க வேண்டும். காண்டிராக்டருக்குக் கொடுத்த முன்பணம் போனாலும் போகட்டும், வேலையை நிறுத்துங்கள். நில மாற்றம் பற்றிய நிபந்தனையைச் சுற்றறிக்கையிலிருந்தே நீக்குங்கள், இந்த ஊருக்கு மட்டுமல்ல, எல்லாப் பணித்தளங்களுக்கும். கல்வெட்டு வேண்டாம். ஏற்கெனவே பதித்திருக்கிற தமிழ்க் கல்வெட்டுகளை, கொடுத்தவர்களிடம் முறையாகப் பேசிச் சம்மதம் வாங்கி எடுத்துவிடுங்கள். அவர்களுக்கு நானே கடிதம் எழுதத் தயார். நேரில் போய்ப் பேசவும் தயார்.

உதவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சபை கேட்கிற உதவி ஒன்று இருக்கிறது. கூரைக்குத் தகரம் வேண்டும். புல் கூரை என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், தீப்பிடிக்கும் பயம் வேறு. 36 தகடு வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் பாதியைத் தாங்கள் வாங்குவோம், பாதியைச் சங்கம் தரட்டும் என்று மூப்பர்கள் போன வருடமே மனு எழுதி, அந்தத் தம்பி அதை மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறான். அது உங்கள் கோப்பில் இருக்கிறது. அந்த மனுவை எடுத்துப் பாருங்கள். 18 தகடு அனுப்புங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். 40 அடிக் கட்டடத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சத்தைக் கொடுத்தவர்களிடம் கேட்டு, காலா அசார் என்கிற கருங்காய்ச்சலுக்கும் காசநோய்க்கும் மலை இறங்கி ஆஸ்பத்திரி போகிறவர்களின் வழிச்செலவுக்குத் திருப்புங்கள்.

பிரதிஷ்டை நாளை அந்தச் சபை குறிக்கட்டும். அறுவடை முடிந்த பிறகாகத்தான் இருக்கும், உங்கள் விடுமுறைக்குத் தோதுப்படாமல் போகலாம். காணிக்கை கொடுத்த குடும்பத்தார் விரும்பினால் அன்றைக்கு வரட்டும், விருந்தாளிகளாக. பாய் போடுவார்கள், சோளக் கூழும் பயறும் தருவார்கள். கதவைத் திறக்கிறவள் அந்த முடிச்சுக் கணக்குப் பொருளாளராக இருக்கட்டும்.

பணித்தளக் கட்டடங்கள் பற்றிய கொள்கையை மறுபடி எழுதும்போது, அந்தந்தச் சபையின் மூப்பர் ஒருவராவது மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், பயணச் செலவு என் கைக்காசு.

இந்த மடலுக்கு மார்ச் முடிவதற்குள் பதில் வேண்டும். ஏப்ரலில் கால்பைசாகி தொடங்கிவிடும். சுவரின் தலையை இந்த வருடமும் புல்லால் மூடுவதா, தகரம் வருமென்று வடமேற்கு மூலையை மேலே ஏற்றுவதா என்று அவர்கள் முடிவு செய்தாக வேண்டும்.

இப்படிக்கு,
அந்த மலையில் 15 வருடம் உங்கள் ஊழியக்காரியாக இருந்தவள்